முதலில் பாட்டு, பிறகு பேச்சு

ஒரே பாட்டை ஊர் ஊராகக் கேட்டு, எந்த வாயில் எந்தச் சொல் மாறுகிறது என்று குறித்துவைப்பது என் தொழில். பாடுகிறவர்களின் பொறுமையில்தான் அது நடக்கிறது. அயல்நாட்டில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி அலைந்த அன்பர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

இரவல் கைப்பேசி

தொண்ணூறுகளின் இறுதியில் பாட்டுச் சேகரிக்க மலேசியா சென்றேன். இராஜபாளையத்தில் பஞ்சாலை நடத்தும் நண்பர் தம் கைப்பேசியை இரவல் தந்து, "எந்த தேசத்துக்குப் போனாலும் பேசலாம்" என்றார். நம்பினேன். கோலாலம்பூரில் இறங்கியது முதல் அது மூச்சுவிடவில்லை. சன்னலோரம், மொட்டைமாடி, நடுத்தெரு என்று மூன்று நாள் அதைச் சுமந்து திரிந்தேன்.

எனக்கு வழித்துணையாக வந்த தமிழாசிரியர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, வெளிநாட்டுல வேலை செய்யணும்னா உங்க ஊர்லயே சொல்லி ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கணும். இப்ப இதத் தாள் பறக்காம மேல வைக்கலாம்."

ஞாயிறு, பத்து மணி

பொன்னுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மகாராஜபுரத்தில் பிறந்து, திருமணமாகி மலேசியாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகளாக ஊர் திரும்பவில்லை. தங்கை அழகம்மாளின் குரலைக் கேட்கவுமில்லை. அழகம்மாள் பாடிய பருத்தியெடுப்புப் பாட்டை ஊரிலேயே பதிந்து வைத்திருந்தேன். அதே பாட்டை அக்காளிடம் கேட்டபோது, தங்கையோடு பேசவைத்தால்தான் பாடுவேன் என்றுவிட்டார்.

ஆசிரியரின் கைப்பேசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த எஸ்.டி.டி. பூத்துக்காரரை அழைத்து, ஞாயிறன்று நம்மூர் பத்து மணிக்கு அழகம்மாளை அங்கே வரவழைக்கச் சொன்னேன். தோட்டத்தில் ஒரு மேட்டில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். சொன்ன நேரத்தில் ஆசிரியரின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு பொன்னுத்தாயோடு அங்கே ஏறி நின்று அழைத்தேன். பூத்துக்காரர் முதலில் சொன்னது இதுதான்: "சார், அந்தம்மா மொத பஸ்ஸுக்கே வந்துட்டாக. நான் ஷட்டரே தெறக்கல. ஏன் இம்புட்டு வெள்ளனன்னு கேட்டா, போன் முந்தி வந்துருச்சுன்னா அக்கா தேடுவாளேன்னு சொல்லுதாக."

உள்ளங்கை

பொன்னுத்தாய் கைப்பேசியை வாங்கி, "ஏட்டி அழகு" என்றார். அதற்குமேல் பேசவிடாமல் நான் அதை வாங்கிக்கொண்டேன். என் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரே பாட்டைப் பாடும் இருவர் பதிவுக்கு முன் கலந்து பேசக் கூடாது. ஒருவர் சொல் மற்றவர் நாவில் ஒட்டிக்கொள்ளும். "முதலில் பாட்டு, பிறகு பேச்சு" என்றேன்.

இணைப்பைத் துண்டித்தால் மறுபடி கிடைப்பது அரிது. ஆகவே அழகம்மாளின் காதில் விழாதபடி கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறுகையில் டேப் ரெக்கார்டரை நீட்டினேன். பொன்னுத்தாய் முழுவதும் பாடினார். எனக்கு ஐயமிருந்த இரண்டு அடிகளைத் திரும்பப் பாடச் சொன்னேன், அதையும் பாடினார்.

பாட்டு முடிந்ததும் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிராது; பேட்டரி தீர்ந்தது. அணைந்துபோனதைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் சொன்னார்: "அவ பேசிக்கிட்டுத்தான் இருக்கா ஐயா. எனக்குத்தான் கேக்கல."

ஒலிநாடா

ஊர் திரும்பியதும் இருவரையும் ஆற அமரப் பேசவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இரு வடிவங்களையும் ஒப்பிட்டு எழுதி முடித்துவிட்டுச் செய்யலாம் என்று தள்ளியும் போட்டேன். எழுதி முடிப்பதற்குள் தமிழாசிரியரின் கடிதம் வந்தது. பொன்னுத்தாய் காலமாகிவிட்டார்.

ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு மகாராஜபுரம் சென்றேன். அழகம்மாள் அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் நாடா வெறுமனே சுழன்றது. அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாட்டு எனக்கே தெரியுமே சார். எங்கக்கா எங்கிட்டப் பேசுனது இதுல இல்லையா?"

அக்காள் பாடிய வடிவமும் தங்கை பாடிய வடிவமும், விதிப்படி ஒன்றோடொன்று சற்றும் கலவாமல், இன்றும் என் அலமாரியில் மிகத் தூய்மையாக இருக்கின்றன.