மங்களம் கொடுத்த நோட்டீஸ்

ஒரு மாதம் முன்னாடி சொல்லிவிட்டால் எந்தக் கூலியும் ரப்பர் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்பது சட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் ஈப்போவிலிருந்து ஒரு ஆபீசர் வந்து, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, தன் பூர்வீகச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர் மாதிரி இதைச் சொல்லிவிட்டுப் போனார். கேட்ட கூலிகளில் அதை நம்பியவள் மங்களம் ஒருத்திதான்.

சேலம் பக்கத்து மனுஷி. புருஷனோடு கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்தாள். புருஷன் காய்ச்சலில் போனான். அதற்குப் பிறகும் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் அதே லயத்தில் இருந்துகொண்டு, அதே ரப்பர் மரங்களைச் சீவிக்கொண்டு காலத்தைத் தள்ளினாள். நல்ல உயரம். எவனாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். “இவ வாயைத் திறந்தா கத்தி வைக்காமலே மரத்துல பால் வடியும்” என்று லயத்தில் கேலி பண்ணுவார்கள்.

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அவளுடைய அக்கா முத்தம்மா நாலு மாடு வைத்துப் பால் விற்றுக்கொண்டிருந்தாள். அந்த அக்கா இடுப்பு விழுந்து படுக்கையாகிவிட்டாள் என்று சேதி வந்தது. எடுத்துப் பார்க்க வேறு நாதி இல்லை. மங்களம் போயே ஆகவேண்டும்.

தோட்டத்தில் கூலி எவனும் துரையிடம் பேசுவதில்லை. கல்யாணம், சாவு, வயிற்றுவலி எல்லாம் கங்காணி அப்பாவுவிடம்தான். பெரிய காரியமென்றால் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்வார்கள். கங்காணி எடுத்துக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மங்களமும் அப்படித்தான் வைத்தாள்.

“வர்ற அமாவாசை கழிச்சு நான் புந்தோங்குக்குப் போறேன் அண்ணே. முழுசா ஒரு மாசம் இருக்கு. தொரைகிட்ட சொல்லிடுங்க.”

“சொல்லிட்டாப் போச்சு புள்ள” என்று அப்பாவு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி வாயில் போட்டான்.

சொல்லவில்லை. ஏன் சொல்லுவான்? வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கம்பெனி அவனுக்குக் காசு கொடுக்கிறது. ஒரு தலை போனால் அவனுக்கல்லவா நஷ்டம்!

சொன்னபடி மங்களம் போனாள். அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவளை, தோட்டத்தைவிட்டு ஓடிவந்த கூலி என்று போலீஸ்காரன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

ஈப்போ கோர்ட்டில் தூண்கள் பெருத்திருந்தன. மேலே ஒரு பங்கா ஆடியது. அதன் காற்று மாஜிஸ்திரேட்டைத் தாண்டி வருவதில்லை. தோட்டத்துத் துரைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவரும் மாஜிஸ்திரேட்டும் ஏதோ பந்தாட்டத்தைப் பற்றிச் சிரித்துப் பேசி முடித்த பிறகுதான் வழக்கு ஆரம்பமாயிற்று.

மொழிபெயர்க்க நின்றவர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர். கூலித் தமிழ் பட்டால் கோட்டு அழுக்காகிவிடும் என்பதுபோல ஓரடி தள்ளியே நின்றார்.

“நோட்டீஸ் குடுத்தனியோ?”

“குடுத்தேங்க. கங்காணிகிட்ட வெத்தலை வெச்சுச் சொன்னேன்.”

“வெத்திலை கிடக்கட்டும். நோட்டீஸ் குடுத்தனியோ, இல்லையோ?”

“அதாங்க நோட்டீஸ்.”

அடுத்து அப்பாவு கூண்டேறினான். “வெத்தலை குடுத்தா, மென்னேன் சாமி. மரியாதைக்குக் குடுக்குறாளாக்கும்னு நெனச்சேன்” என்றான். கார்த்திகேசு அதை இங்கிலீஷில் சொன்னதும் கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசினார்.

“போறதுக்கு உனக்கு உரிமை இருக்குது” என்று கார்த்திகேசு தமிழாக்கினார். “அதை ஒருத்தரும் மறுக்கேல்லை. ஆனா நீ துரையிட்டை நேரை சொல்லியிருக்கவேணும்.”

“தொரைகிட்ட நேரா பேசக்கூடாதுன்னு தோட்டத்துல சட்டம் இருக்கே. வாயைத் திறந்தா இந்த அப்பாவு பெரம்பை எடுப்பானே. அதைக் கொஞ்சம் அவருகிட்ட சொல்லுங்க!”

சொன்னார். மாஜிஸ்திரேட் சங்கிலிக் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்ன பதிலையும் கார்த்திகேசு தமிழாக்கினார்.

“அது தோட்டத்து உள்விசயம். கோர்ட் அதுக்குள்ளை தலையிடாது.”

ஆக, உரிமை உண்டு. அதை எடுத்துக்கொள்ளும் வழியில் பிரம்போடு ஒருவன் நிற்கிறான். அவனைப் பார்க்கும் பழக்கம் கோர்ட்டுக்குக் கிடையாது. இவ்வளவைச் சொல்ல இத்தனை பெரிய கட்டடம், இத்தனை கறுப்புக் கோட்டு! ஜெயிலில் போடாமல், தோட்டத்துக்குத் திரும்பிப் போய் வேலை செய்யும்படி தீர்ப்பு. இது பெரிய கருணை என்று கார்த்திகேசு தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

மங்களத்துக்குப் பாதிக் கஞ்சியோடு விட்டுவந்த அக்காவின் வாய் கண்முன் நின்றது. கார்த்திகேசுவை விட்டுக் கண்ணைத் திருப்பினாள். தோட்டத்துத் துரை இவ்வளவு பக்கத்தில், எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதை இன்றுதான் பார்க்கிறாள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் பழகிய மலாய் மொழியில் கத்தினாள்.

“துவான்! சத்து பூலான் லாகி, சாயா பெர்கி!”

துரையே, இன்னும் ஒரு மாதம், நான் போகிறேன் என்று அர்த்தம். அங்கே அது புரியாதவர் யாருமில்லை. துரையின் கழுத்து சிவந்தது. மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். யார் பேனாவும் அசையவில்லை.

அந்த மாதமே ரப்பர் விலை சரிந்தது. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. தோட்டமே வெளியேற்றினால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தனுப்ப வேண்டும். தானாகப் போகிறவளுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். அப்பாவு லயத்து வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“மங்களம், நீதான் கோர்ட்டுலயே நோட்டீஸ் குடுத்துட்டியே. தொரைக்கு நல்லா ஞாபகம் இருக்கு லா. நீ தானா போற ஆளாம். சம்பளம் கெடையாது.”

“அன்னைக்கு ஒருத்தர் காதுலயும் விழுந்த மாதிரி தெரியலையே?”

“அது அன்னைக்கு. இப்ப விழுந்துடுச்சு.”

மங்களம் பாயைச் சுருட்டிக்கொண்டே, “அந்தச் சம்பளத்தைத் தொரையே வெச்சுக்கட்டும். ரப்பரும் போச்சு, பாவம், வேற என்ன இருக்கு அவருக்கு!” என்றாள். அப்பாவு நகராமல் நின்றான். “தள்ளு” என்றாள். தள்ளினான்.

புந்தோங்கில் முத்தம்மா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். அக்கம்பக்கத்தார் தயவில் உயிரோடிருந்தாள். ஒரு மாட்டை விற்றிருந்தாள்.

“வந்துட்டியா? கோர்ட்டுல நியாயம் கெடச்சுதாடி?”

“அவங்ககிட்ட இருந்தாத்தானே குடுப்பாங்க” என்று மங்களம் மூட்டையை இறக்கி வைத்தாள். “பால் செம்பு எங்க இருக்கு? மாடு கத்துது பாரு.”