கொள்முதல் நிலையத்துக்கு எதிரே இரண்டு கருந்துளைகள்

எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே, இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவில், பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். அட்டையில் நான் சிரிக்கவில்லை. பிளெக்ஸ் கடைக்காரர் சிரிக்க வைத்திருந்தார். அதோடு விடாமல் என்னை நன்றாக வெளுப்பாக்கியும் இருந்தார். என் தலைக்குப் பின்னால் சனிக்கிரகம் வளையத்தோடு நின்றது. அதற்கும் என் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீழே வரிசையாகச் சின்ன வட்டங்களுக்குள் சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும். ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு, இன்னொருவர் செல்போனைக் காதில் வைத்தபடி. நடுவில் கொட்டை எழுத்தில், ‘விண்ணில் இரண்டு கருந்துளைகள் மோதியதைக் கண்டுபிடித்த எங்கள் தெருவின் தங்க மகளே, வாழ்த்துகிறோம்!’ என்று போட்டிருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றும் வந்தது. முதலாவது, அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. இரண்டாவது, கண்டுபிடித்துவிட்டதாக அதுவரை யாருமே சொல்லவில்லை.

நான் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் பெரிய கருவிகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அவற்றில் பதிவாவதைப் பல நாட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு பார்ப்போம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், சம்பா அறுப்பு முடியட்டும் என்று தங்கிவிட்டேன். என் முறை வந்தபோது வீட்டு மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, அங்கே மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும் செல்போன் சிக்னலை நம்பி வேலை பார்த்தேன்.

கருந்துளையை நேரில் பார்க்க வழியில்லை. ஒளியே வெளியே வராத ஒன்றை எதை வைத்துப் பார்ப்பது? அதன் பக்கத்தில் இருப்பவை படும் பாட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் இருட்டைச் சுற்றி ஒரு நட்சத்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது உள்ளே விழப்போகும் வாயு சூடேறி எக்ஸ் கதிர்களைக் கக்கும். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றினால் இன்னொரு வழியும் உண்டு. சுற்றச் சுற்ற அவை வெளியையே அசைத்து அலைகளை அனுப்பும். அதில் ஆற்றலை இழந்து நெருங்கும். நெருங்க நெருங்க வேகம் கூடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் சுற்றியவை கடைசியில் கண்மூடித் திறப்பதற்குள் மோதி ஒன்றாகிவிடும். புதிதாக உண்டானதன் எடை, பழைய இரண்டையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த எடை எல்லாம் அலையாகக் கிளம்பிப் போயிருக்கும்.

இங்கே வந்து சேரும்போது அந்த அலையில் தெம்பே இருக்காது. ‘ட’ எழுத்தைப் போல, கிலோமீட்டர் கணக்கில் நீளும் இரண்டு குழாய்கள். அவற்றின் முனைகளில் கண்ணாடிகள். இடையில் போய்வரும் லேசர் ஒளி. அலை கடக்கும்போது ஒரு குழாய் நீண்டு மற்றது குறுகும். அணுவின் கருவைவிடப் பல மடங்கு சிறிய வித்தியாசம்தான். தூரத்துக் கடல் கொந்தளித்தாலும், பக்கத்தில் ரயில் போனாலும் கண்ணாடி அதைவிட அதிகமாக ஆட்டம் காணும். ஆகவே ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் வேறு வேறு கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் ஒரே அலை பதிவானால் நம்பிக்கை கூடும். என் வேலையில் முக்கால்வாசி, ‘இது அது இல்லை’ என்று சொல்வதுதான்.

கருவிகளில் ஏதோ பதிவானதாக அறிவிப்பு வந்த காலையில் அப்பாவும் சித்தப்பாவும் அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கிவிட்டு இட்லி சாப்பிட வந்திருந்தார்கள். முதல் அறிவிப்பைக் கணினியே அனுப்பிவிடும். அது உலகத்துக்கே போகும். மனிதர்கள் அப்புறம்தான் உட்கார்ந்து சரிபார்ப்போம். நான் மாடியிலிருந்து ஓடி வந்ததைப் பார்த்துச் சித்தப்பா, “என்னம்மா, என்ன ஆச்சு?” என்றார்.

“ரெண்டு கருந்துளை மோதுன மாதிரி இருக்கு சித்தப்பா. இன்னும் பாக்கணும். சரியா வரலன்னா இல்லன்னு சொல்லிடுவோம்.”

“அதெல்லாம் சரியா வரும். நம்ம புள்ள பாத்தது தப்பாகுமா?”

அவர் அன்று திருவாரூருக்குப் போனது சாக்கு தைக்கச் சணல் வாங்கத்தான். சணல் வந்தது. மறுநாள் பேனரும் வந்தது.

அதைக் கட்டிய இடம் சாதாரண இடமில்லை என்பதைச் சொல்ல வேண்டும். என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று ஆனது. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கள் தெருக்காரர்களின் பேனர் எங்கள் தெருமுனையைத் தாண்டாது. தாண்டக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். கொள்முதல் நிலையமோ மெயின் ரோட்டில் இருக்கிறது. அறுப்புக் காலத்தில் மேலத்தெரு உட்பட எல்லாத் தெருக்காரர்களும் நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வரும்வரை அங்கேதான் கிடப்பார்கள். சித்தப்பா யோசித்துத்தான் கட்டியிருந்தார்.

அப்பா பேனரைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் எங்கள் நெல் குவியலுக்குக் காவல் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், மூங்கிலடியில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து குவியலும் தெரியும், தலையைத் தூக்கினால் பேனரும் தெரியும். அதைப் பார்த்த பிறகு என் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. சரிபார்த்து முடிக்கிறவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது அப்பா கேட்டார். “கருந்துளைன்னா என்ன பாப்பா? வர்றவன் போறவன்லாம் கேக்குறான். நான் என்ன சொல்றது?”

“நட்சத்திரத்தோட எடை அதையே உள்ள அழுத்திக்கிட்டிருக்கும்பா. எரியற சூடு வெளிய தள்ளும். ரெண்டும் சமமா இருக்கற வரைக்கும் நிக்கும்.”

“எரிஞ்சு முடிஞ்சா?”

“வெளிய தள்ள ஒண்ணும் இல்ல. நடுப்பகுதி அப்படியே உள்ள விழும். ரொம்பப் பெரிய நட்சத்திரமா இருந்தா, விழறத எதாலயும் தாங்க முடியாது. வெளிச்சம்கூடத் தப்பிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிப்போயிடும். அதான் கருந்துளை.”

“நம்ம சூரியனும் அப்படி ஆயிடுமா?”

“அதுக்கு அவ்வளவு எடை பத்தாதுப்பா.”

“சுத்தி இருக்கறத எல்லாம் இழுத்துப் போட்டுக்குமோ?”

“ரொம்பக் கிட்டப் போனாத்தான் ஆபத்து. தூரத்துல சுத்திக்கிட்டிருக்கறத ஒண்ணும் செய்யாது. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருக்கும்.”

“அந்தக் காலத்துப் பண்ணைன்னு சொல்லு,” என்று அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவின் பண்ணைக் காலத்தைப் பற்றி அப்பா சிரித்துக்கொண்டே பேசி நான் கேட்டது அன்றுதான்.

மாடியில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. கனமான கருந்துளைகள் மோதினால் கருவியில் பதிவாவது ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பு. அதுதான் தொல்லை. நீளமான அலையென்றால் வேறு எதுவும் அதைப் போல நடிப்பது கடினம். ஒரு துடிப்பு மாதிரி நடிக்க எதனாலும் முடியும். நான் அந்த நொடியை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் ஒரு கருவியில் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே போனேன். கடல் கொந்தளிப்பால் அங்கே தரை ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. சிதறிய லேசர் ஒளி எதிலோ பட்டுத் திரும்பி வந்து கலந்திருக்கிறது. அதே மாதிரித் துடிப்பு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருந்தது. மற்றக் கருவியில் பதிவானது அன்றாட இரைச்சல். நேரம் மட்டும் பொருந்திப் போயிருந்தது. இணையவழிக் கூட்டத்தில் சொன்னேன். வேறு சிலர் தனியாகப் பார்த்து ஆமாம் என்றார்கள். அறிவிப்பைத் திரும்பப் பெற்றோம்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கள் தொழிலில் இது சகஜம். இப்படித் தள்ளித் தள்ளித்தான் உண்மையான மோதல்களை எண்ண முடிகிறது. என்னோடு வேலை பார்ப்பவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் மெயின் ரோட்டில் ஒரு பேனர் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சொன்னேன். “அப்பா, அது இல்லப்பா.”

“எது?”

“அந்த மோதல். கருவியில வந்த இரைச்சல். இல்லன்னு சொல்லிட்டோம். பேனர அவுத்துடுங்க.”

சோற்றில் வைத்த கையை அப்பா எடுக்கவில்லை. “யாரு இல்லன்னது?”

“நான்தான் மொதல்ல சொன்னேன்.”

“நீயேவா?”

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. “நான் சொல்லலன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்கப்பா. யாரும் சொல்லலன்னாலும் இல்லாதது இல்லாததுதான்.”

“அது உங்க ஆபீசுக்கு. இங்க, கட்டுனத அவுத்தா ஏன்னு கேப்பாங்க. பொய்யாப் போச்சுன்னு நான் என் வாயால சொல்லணுமா? இந்தத் தெருப் புள்ளைங்க லட்சணம் இவ்வளவுதான்னு பேசுவானுங்க. அது பாட்டுக்குத் தொங்கட்டும். தானா கிழிஞ்சு விழும்.”

நான் குரலை உயர்த்தினேன். பொய்யென்று தெரிந்தும் வைத்திருப்பது எனக்குத்தான் அசிங்கம் என்றேன். அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் கையைக் கழுவினார். “நாலு நாள் தொங்குனா உனக்கு என்ன கொறஞ்சுபோகுது?” என்று அம்மா என்னைத்தான் திட்டினாள்.

நானே போய் அவிழ்த்திருக்கலாம். அப்பாவின் நாற்காலி அந்த மூங்கிலடியில் இருந்தது. அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பேன்; அவர் சாப்பிடுவார். ஒரு நாள் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “கண்டுபுடிச்சது நீதானாம்மா? ரொம்ப சந்தோஷம்,” என்றார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா பின்னாலிருந்து இருமினார். வாயை மூடிக்கொண்டேன். அதற்கு முன் அப்படி வெட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் முறை வருவதற்கு முன்னால் மழை வந்தது. தை மாதத்தில் வரக் கூடாத மழை; வருகிற நேரமா அது? பிற்பகலில் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கொள்முதல் நிலையத்தில் எல்லாரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எங்களிடம் இருந்தது ஒரு தார்ப்பாய். குவியலில் பாதியைத்தான் மூடியது. மிச்சத்தை மூடச் சாக்குகளை அள்ளிக்கொண்டு நான் ஓடியபோது, அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று அரிவாளால் பேனர் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தார்.

மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் ஓடிவந்து அறுந்த பக்கத்தைத் தாங்கிப் பிடித்தார். “என்னண்ணே, பாப்பா பேனரப் போயி அவுக்குறீங்க?”

நெல் நனைகிறது என்று சொன்னால் போதும். அதுவும் உண்மைதான், யாரும் மேலே ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவுக்குத் தலை தப்பிய மாதிரி ஆகியிருக்கும். நானும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

அப்பா நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னார். “அதுல போட்டிருக்கறது நடக்கலப்பா. மோதவே இல்ல. கருவியில வந்த இரைச்சலு. எல்லாரும் ஆமான்னு நெனச்சுக்கிட்டிருந்தப்ப, என் பொண்ணுதான் மொதல்ல பாத்து, இல்லன்னு சொல்லுச்சு.”

தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மேலத்தெருக்காரர்களும் இருந்தார்கள். “அப்படியாண்ணே? சரி, அந்த முனையப் புடிங்க,” என்றார் மூட்டை தூக்குகிறவர். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் பேனரைத் தூக்கிக்கொண்டு குவியலுக்கு ஓடினோம்.

அப்பா பேனரைப் புரட்டி, படம் இருக்கும் பக்கம் நெல்லைப் பார்த்திருக்கும்படி விரித்தார். மேலே வெள்ளை முதுகு மட்டும் தெரிந்தது. சொல்லிவிட்டார், ஆனாலும் என் முகத்தை ஊர் பார்க்காமல் கவிழ்த்துப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என் முனையில் செங்கல்லை வைத்தேன்.

“அண்ணே, படத்துப் பக்கம் மேல இருந்தாத்தான் தண்ணி வழுக்கிட்டு ஓடும். திருப்பிப் போடலாமா?” என்று மூட்டை தூக்குகிறவர் முனையைத் தூக்கினார்.

“வேணாம்பா,” என்று அப்பா அந்த முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “பாப்பா மூஞ்சில மழை அடிக்கும்.”