மோர்கன் என்று சொன்னவள்

வாத்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன்னைத் தேடி வருவதற்குச் செருப்பை மாட்டிவிட்டேன். என் புத்தி அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

உங்களுக்கெல்லாம் அவள் லூர்து அக்கா. சைகோனில் கான் ஹொய் பக்கம் தையல் கடை வைத்திருந்தவள், சனிக்கிழமை சாயங்காலம் காப்பிக் கடை மாடியில் பழைய ஜெர்மன் நாடகப் பாட்டுகளைத் தமிழில் பாடியவள். நான் அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள்தான். அக்கா என்றால், "வயசை ஏத்தாதடி" என்று சண்டைக்கு வருவாள். அவள் குரல் வாத்துக் குரல். அந்தப் பெயரை வைத்தவளும் அவளேதான், நான் இல்லை.

கோயில் தெருவுக்குப் பக்கத்தில் நான் சமைக்கிற கடையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவளுக்கு அக்கார்டியன் வாசிக்கிற ஹுங் அண்ணன். "செல்வி, சீ ஹை மத் ரோய்" என்றார். சீ ஹை என்றால் மூத்த அக்கா, அந்தத் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். வியட்நாம் பேச்சில் பொருள் தொலைந்தாலும் மத், ஆள் செத்தாலும் மத். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் கேட்டேன், "எங்க தொலைஞ்சாங்க? சந்தையிலயா? போன் எடுத்துட்டுப் போகலையா?" நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். ஒரு கால் மாட்டி, இன்னொரு கால் மாட்டும்போது அவர் அழுகிற சத்தம் போனில் கேட்டது. அப்போதுதான் உட்கார்ந்தேன். கடுகு கருகிப்போன வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

நெஞ்சு வலியாம். வெட்டின துணிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாளாம். எந்த நோயும் இல்லாதவள். போன வாரம்கூடத் தையல் மிஷினைத் தனியாகத் தூக்கி நகர்த்தியவள்.

அவள் அப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக வந்தவர். அம்மா இந்த ஊர். சைகோன் கைமாறின பிறகு அப்பா பிரான்சுக்குப் போனார், இவள் அம்மாவோடு இங்கேயே நின்றாள். ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் கிழக்குப் பக்கத்து மில்லுக்கு இங்கிருந்து ஆள் எடுத்தார்கள். அதில் இவளும் போனாள். அங்கே மில் தொழிலாளிகளுக்கு ஒரு நாடகக் குழு இருந்ததாம். சட்டை தைத்துக் கொடுக்கப் போனவளை, ஒரு நாள் பாட ஆள் வரவில்லை என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். "எனக்கு வாத்துக் குரல், வேண்டாம்" என்றாளாம். பாட்டுச் சொல்லித் தருகிற கிழவர், "இந்தப் பாட்டெல்லாம் வாத்துக்குத்தான் எழுதினது, குயிலுக்கு இல்லை" என்றாராம். இந்தக் கதையை என்னிடம் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அம்பத்தோராவது தடவை கேட்க ஆசையாக இருக்கிறது.

ஊர் திரும்பி எத்தனையோ வருஷம் கழித்து, என்னைப் பிடித்த பிறகுதான், தமிழில் பாடலாம் என்று தோன்றியதாம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. நான் அஞ்சாம் வகுப்பு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள். அவள் ஜெர்மனில் ஒரு வரி பாடி, அர்த்தம் சொல்லுவாள். நான் அதற்கு வார்த்தை போட்டு நோட்டில் எழுதுவேன்.

ஒரு பாட்டில் பனி கொட்டுகிறது என்று வந்தது. "மார்கழிப் பனியா?" என்றேன்.

"இல்லடி. ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்டுப் பாரு, அது."

"அதையெல்லாம் பாட்டுல பாடினா இங்க யாருக்குப் புரியும்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆறு ஏறி வந்து தெருவில் முழங்கால் தண்ணீர், பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். "இதைப் போடு" என்றாள். அதுதான் நீங்கள் கேட்ட 'முழங்கால் தண்ணிப் பாட்டு'. ஜெர்மன்காரர்களின் பனி, எங்கள் கான் ஹொய்யில் சாக்கடைத் தண்ணீராகிப் போனது. ஹுங் அண்ணன் அக்கார்டியனை இழுக்க, நான் கோயில் கைத்தாளத்தைத் தட்ட, அவள் கரகரவென்று பாடுவாள். ஒரு பொங்கலுக்கு நம் ஆட்கள் முன்னால் பாடினாளே, ஞாபகம் இருக்கிறதா? முடிந்ததும் ஒரு ஆச்சி எழுந்து வந்து, "என்னத்தா, தொண்டை கட்டிக்கிச்சா? மிளகு தரவா?" என்று கேட்டார்கள். லூர்து கையை நீட்டி வாங்கி, ஒரு மிளகைக் கடித்துக்கொண்டு அடுத்த பாட்டையும் பாடினாள்.

இப்போது மீன்காரிப் பாட்டைச் சொல்ல வேண்டும். அதுதான் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

துறைமுகத்தில் ஒரு மீன்காரி. கப்பல் வரும்போதெல்லாம் மாலுமியிடம், "என் ஆளு எப்ப வருவான்?" என்று கேட்பாள். அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவான்: மோர்கன். அர்த்தம் என்னடி என்றேன். "காலை" என்றாள். மில் விடுதியில் விடிந்ததும் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் மோர்கன், மோர்கன் என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவார்களாம். அவளும் கடைசிவரை அதை விடவில்லை. தினமும் போனை எடுத்தால் "மோர்கன்டி" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆகவே நான் எழுதினேன்: காலையில் வருவான்.

எழுதினேன் என்றா சொன்னேன்? எனக்கு எந்த 'ல' எங்கே என்று எப்போதும் குழப்பம். நான் எழுதியது 'காளையில் வருவான்'. அதை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தும் விட்டோம். கோயிலில் ஒரு செட்டியார் ஐயா படித்துவிட்டு, "என்னம்மா, கப்பல் போயி மாட்டுல வர்றானா? சிவபெருமானையா கட்டிக்கிட்டா உங்க மீன்காரி?" என்று கேட்டார். சிவப்புப் பேனாவால் திருத்தியும் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடுடி. கப்பல்ல வர்றவனைவிடக் காளையில வர்றவனை நம்பலாம்" என்றாள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் அடுத்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சாவுக்கு முந்தின வாரம் மாடிக்கு ஒரு ஜெர்மன்காரப் பெண் வந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் என்னிடம், அந்தக் கடைசி வார்த்தைக்குத் தமிழில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஹுங் அண்ணன் மகள் நடுவில் நின்று எடுத்துச் சொன்னாள். காலை என்றேன். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். காலைக்கும் அதே வார்த்தைதானாம், ஆனால் இந்தப் பாட்டில் அது 'நாளைக்கு' என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்றே ஏமாற்றுகிறான், ஆள் வரவே மாட்டான், அதுதான் பாட்டாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காளை என்று எழுதி ஊர் சிரித்தது என் பங்கு, இது யார் பங்கு? எல்லோரும் இருக்கும்போதே அவளிடம் கத்தினேன். "நான் படிக்காதவ, எழுத்துல தப்பு விட்டேன். நீ அந்த ஊர்லயே இருந்துட்டு அர்த்தத்தையே தப்பா சொல்லியிருக்கியே! இத்தனை வருஷம் பொய்ப் பாட்டாடி பாடினோம்?"

அவள் நோட்டை மூடினாள். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள எந்த வார்த்தைன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் நீ எழுதாத" என்று மட்டும் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமல் மாடி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மோர்கன் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கு அப்படி ஒரு வீம்பு.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் பேசி அனுப்பின குரல் போனில் வந்து விழுந்தது. நான் மாவு கரைத்துக்கொண்டே ஒரு தரம் கேட்டேன். இவ்வளவுதான்: "மோர்கன்டி கண்ணு. கோபமா இன்னும்? வார்த்தை கெடச்சுடுச்சு. மோர்கன் சொல்றேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்கிறாள் என்று நினைத்தேன். அந்த ஜெர்மன்காரப் பெண் சொன்னது அப்போது காதில் புதிதாக இருந்தது, அதனால் அப்படித்தான் பட்டது. சரி, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இன்னும் ஒரு நாள் தவிக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வெட்டு மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்ட காப்பி இருந்தது. ஒன்று பாதி குடித்தது. இன்னொன்று தொடாமலே ஐஸ் எல்லாம் கரைந்து, மேலே தண்ணீரும் கீழே பாலுமாகப் பிரிந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், காலையில் யாராவது வருவதாக இருந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். துணி கொடுக்க வருகிறவர்களுக்கும் அவள் காப்பி ஊற்றித்தான் வைப்பாள். அதனால் அந்த டம்ளரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடக்கத்தன்று ஹுங் அண்ணன் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வாசிக்காமலே திரும்பிப் போனார். நேற்று வந்து சொன்னார்: "சனிக்கிழமை நீ பாடு, செல்வி. எனக்கு மெட்டுத்தான் தெரியும். வார்த்தை உன்கிட்டதான இருக்கு." என்னிடம் எங்கே இருக்கிறது?

என்னிடம் இருப்பது எங்கள் நோட்டு, அதில் ஐயா சிவப்புப் பேனாவால் வெட்டின காளை. அவள் கடித்த மிளகு மாதிரிக் காரமான அந்தக் கரகரப்பு காதில் இருக்கிறது. இத்தனை வருஷம் கேட்ட மோர்கன் இருக்கிறது. பிறகு அந்தப் போன். அதை நான் இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன், மாற்றவும் மாட்டேன். எத்தனை தரம் போட்டுக் கேட்டேனோ தெரியாது. முதல் மோர்கன் எனக்குப் புரிகிறது. அது வணக்கம், அது தினமும் உள்ளது.

சனிக்கிழமை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், வாத்து. கப்பல் வந்துவிடும், மீன்காரி கேட்டுவிடுவாள், ஹுங் அண்ணன் அக்கார்டியனைப் பிடித்தபடி என் வாயைப் பார்ப்பார். நீ சொன்ன அந்த இரண்டாவது மோர்கன் எதுடி? நாளைக்கா, இல்லை, காப்பி ஊற்றி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்த அன்றைய காலையா?