ஒன்று என்றால் வேண்டும், இரண்டு என்றால் வேண்டாம்

"11.1.2005, செவ்வாய். முதல்வர் கூப்பிட்டார். பத்தாம் வகுப்பிலிருந்து பதினைந்து பேர். மாதக் கடைசிக்குள். இல்லாவிட்டால் காமர்ஸ் இல்லை. மதியம் மேகம், பெய்யவில்லை."

என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்த டைரி. நாளுக்கு அரைப் பக்கம்தான் என்பதால் சுருக்கமாக எழுதப் பழகியிருந்தேன். மேகத்தைக் குறித்த நான், முதல்வர் அறையில் எனக்கு வியர்த்ததைக் குறிக்கவில்லை. அதை நினைவிலிருந்து சேர்க்கிறேன்.

ஷார்ஜாவில் நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் நடந்த ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வணிகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் இரண்டே பிரிவுகள். சயின்ஸ் என்பது கேட்டு வாங்குவது. காமர்ஸ் என்பது சயின்ஸ் கிடைக்காதபோது கொடுக்கப்படுவது. இதை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் என் மேசைக்கு வரும் தகப்பன்மார் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்வார்கள்.

முதல்வரும் நானும் ஒரே திருநெல்வேலிப் பக்கம். கதவு திறந்திருந்தால் ஆங்கிலம், சாத்தியிருந்தால் ஊர்ப்பேச்சு. அன்று, "கதவைச் சாத்தும்வே" என்றார். அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"அடுத்த வருசம் பதினொண்ணுல காமர்ஸ் வேண்டாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லுதாவ. எல்லாரும் சயின்ஸ்தான் கேக்காவளாம். ஒரு பதினஞ்சு குடும்பமாவது காமர்ஸ் வேணும்னு சொல்லுதுன்னு காட்டும். நான் பேசிப் பாக்கேன்."

"காட்ட முடியலைன்னா?"

"முடியலைன்னா உமக்கு இங்க என்ன சோலி? மிச்சம் இருக்க பன்னெண்டாங் கிளாஸை நானே எடுத்துட்டுப் போறேன்."

என் விசா பள்ளியின் பெயரில் இருந்தது. மனைவி, மகள் விசாக்கள் என் பெயரில். முதல் விசாவை உருவினால் மூன்று பேரும் சேர்ந்து விமானம் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் புதன், வாரத்தின் கடைசிப் பள்ளி நாள். (அப்போதெல்லாம் வியாழனும் வெள்ளியும் விடுமுறை, அது வெள்ளி, சனி ஆனது அடுத்த ஆண்டு செப்டம்பரில்.) தற்செயலாக அந்த வாரம் பதினொன்றாம் வகுப்பில் சந்தைப்படுத்துதல் நடந்துகொண்டிருந்தது. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்கு தூண்கள். புத்தகத்தில் எல்லா உதாரணமும் சோப்பாக இருக்கும் என்பதால், ஷார்ஜாவில் குடை விற்றுக் காட்டுங்கள் என்று முந்தைய வகுப்பில் சொல்லியிருந்தேன்.

"முடியாது சார்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். சவுதியில் அல் கோபாரில் எட்டாவது வரை படித்து, அப்பாவுக்கு வேலை மாறியதால் இங்கே வந்தவன். "இங்க மழையே வராது. வந்தா ஸ்கூல் லீவு. லீவு விட்டா எதுக்குக் குடை? கஸ்டமர் மாஃபி சார்." மாஃபி என்றால் அரபியில் இல்லை. அவனிடம் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அதுதான்.

"வெயிலுக்கு விக்கலாம்ல" என்றாள் முன்பெஞ்சுப் பெண். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். வகுப்பிலேயே கெட்டிக்காரி.

"வெயில்ல யாரு நடக்கிறா? எல்லாரும் ஏசி கார்ல இருக்காங்க."

அந்தக் குடையை மடக்கி வைத்துவிட்டு, முதல்வர் சொன்னதை வகுப்பில் அப்படியே சொன்னேன். என் விசாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கேட்டார்கள். கல்ஃபில் வளரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே விசா தெரியும்.

"அப்போ உங்களுக்கு கேன்சலா சார்?" என்றாள் முன்பெஞ்சு.

"அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். இதைப் பாடமா எடுத்துக்குவோம். நம்ம பிரிவுதான் பொருள். பத்தாம் வகுப்பு அப்பா அம்மாதான் வாடிக்கையாளர். வித்துக் காட்டுங்க."

"நாமளே ப்ராடக்டா?" என்றான் அல் கோபார். "எக்ஸ்பயரி டேட் பாத்தாங்கன்னா?"

விலை எது என்று பெரிய விவாதம் நடந்தது. ஃபீஸ் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். கடைசியில், பிள்ளை டாக்டர் ஆகாத வருத்தம்தான் அப்பா அம்மா கொடுக்கும் விலை என்று ஒரு பெண் சொன்னாள். புத்தகத்தில் இல்லாத அந்தப் பதிலைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். இடம் சுலபமாக முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சர்ச் வாசல், பள்ளிவாசல் கார் நிறுத்தம், ஸ்கூல் பஸ் நிற்கும் இடங்கள். இந்த மூன்றையும் தாண்டி எந்தப் பெற்றோரும் தப்ப முடியாது.

விளம்பரத்தில் சிக்கல் வந்தது. ஆர்வம் இருக்கிறதா என்று அவர்களை எப்படிச் சொல்ல வைப்பது? ஃபாரம் கொடுத்தால் நிரப்ப மாட்டார்கள். ஃபோன் செய்யச் சொன்னால் காசு. அப்போதுதான் முன்பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"மிஸ்டு கால் சார். காமர்ஸ் வேணும்னா ஒண்ணு. வேண்டாம்னா ரெண்டு. யாரும் எடுக்கக் கூடாது. யாருக்கும் செலவே இல்ல."

வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன். வாடிக்கையாளருக்குச் செலவில்லாமல் வழி செய்வதைப் பற்றி நான் இரண்டு பாடவேளை பேசியிருந்தேன். அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். அந்த ஊரில் மிஸ்டு கால் ஒரு தனி மொழி. அவள் வீட்டில் ஒன்று என்றால் அம்மா டூட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். அல் கோபார் வீட்டில் ஒன்று என்றால் அப்பா கீழே காரில் நிற்கிறார்; இரண்டு என்றால் கோபமாக நிற்கிறார். என் வீட்டில் ஒன்று பால், இரண்டு பாலும் ரொட்டியும்.

அச்சடித்துக் கொடுக்கும் சீட்டுக்கு வாசகம் அவள் எழுதினாள்: "எதிர்காலம் காமர்ஸில்! விருப்பம் உண்டு என்றால் ஒரு மிஸ்டு கால், இல்லை என்றால் இரண்டு." தமிழ், ஆங்கிலம், மலையாளம், இந்தி. கீழே பெரிய எழுத்தில் என் மொபைல் நம்பர். பள்ளியில் கொடுத்திருக்கும் நம்பரிலிருந்து அடிக்கவும் என்று அடிக்குறிப்பு. அதை வைத்துத்தான் எந்த வீடு என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

14ஆம் தேதி வெள்ளியன்று சீட்டுகள் போய்ச் சேர்ந்தன. மாலைக்குள் என் ஃபோன் அதிர ஆரம்பித்தது. கடைசிப் பத்து அழைப்புகளை மட்டும் நினைவில் வைக்கும் சின்ன ஃபோன் அது. பதினொன்றாவது வருவதற்குள் நான் எழுதிக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போதும் பேனா காதில்.

"யாருங்க இது, அடிச்சு அடிச்சு வைக்கிறது?" என்றாள் மனைவி.

"வாடிக்கையாளருங்க."

"எடுத்துத்தான் பேசுங்களேன்."

"எடுக்கக் கூடாது. எடுத்தா கணக்கு தப்பிரும்."

"நல்லா இருக்கு. வேலை போகப் போகுதுன்னு ஃபோன் வந்தாலும் எடுக்காதீங்க."

அந்த வருடம் பக்ரீத் ஜனவரியில் வந்தது. விடுமுறை முழுக்க அழைப்புகள். முடிவில் கணக்குப் பார்த்தேன். ஒன்று அடித்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி. மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு. சிலர் மூன்று. ஒரு வீட்டிலிருந்து நான்கு.

"நாலுன்னா என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டாள் முன்பெஞ்சு. அவள் குரல் இறங்கியிருந்தது.

"வேண்டவே வேண்டாம், அந்தாளை அனுப்புங்க" என்றான் அல் கோபார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சாரி சார்" என்றான்.

அன்று கரும்பலகையில் சந்தை ஆய்வு என்று தலைப்பு எழுதினேன். அதற்குக் கீழே எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று அந்த வாரம் பக்கத்துப் பக்காலாவில் விசாரித்து வைத்தேன். பக்காலா என்றால் தெருமுனை மளிகைக் கடை; வீட்டைக் காலி செய்கிற எல்லாருக்கும் அட்டைப்பெட்டி கொடுத்து அனுபவப்பட்ட இடம். கடைக்காரர், "எப்ப சார் கிளம்புறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து முன்பெஞ்சுப் பெண்ணின் அம்மா, நைட் டூட்டி முடித்து வெள்ளை யூனிஃபார்மோடு, மகளுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க பள்ளி கேட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

"என்ன சாரே, நீங்க ஒரு பெரிய மனுசன். மிஸ்டு கால் குடுத்தா திருப்பிக் கூப்பிட மாட்டியளா?"

"எப்ப குடுத்தீங்க?"

"பெருநாளைக்கு முன்னாலயே. ஒண்ணு அடிச்சேன், நீங்க கூப்பிடல. பாவம், பாத்திருக்க மாட்டாருன்னு இன்னொண்ணு அடிச்சேன். அதுக்கும் மிண்டாட்டம் இல்ல. பய காமர்ஸ் படிக்கணும்னு நிக்கான், அத கேக்கத்தான் அடிச்சேன்."

"நீங்க ரெண்டு அடிச்சா வேண்டாம்னு அர்த்தமாச்சே?"

"யாரு சொன்னா?"

"சீட்டுலயே போட்டிருக்கு."

"சீட்ட யாரு சாரே படிச்சா? நம்பரப் பாத்தோம், அடிச்சோம்."

டப்பாவோடு நின்ற மகள் அலறினாள். "அம்மா! அந்த சீட்ட எழுதினதே நாந்தான்!"

"அதுக்கு நீ வீட்ல வாயத் தொறந்து சொல்லணும் மக்ளே. அம்ம ஓட்டு போட்டது உனக்கு எதிராட்டுல்லா போச்சு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிஸ்டு கால் குறிகளெல்லாம் முன்பே பேசி வைத்துக்கொண்ட வீடுகளுக்குள் மட்டுமே செல்லும். முன்பின் தெரியாத நம்பருக்கு அடித்தால் அந்தப் பாலைவனம் முழுக்க அதற்கு ஒரே பொருள்தான்: என்னைத் திருப்பிக் கூப்பிடு. கூப்பிடாவிட்டால் இன்னொரு முறை அடிப்பது மரியாதை. ஆர்வம் அதிகமானால் மூன்று, நான்கு. அந்த நான்கு வந்த வீடு எங்களைக் கைவிட்ட வீடு அல்ல, தவித்துப்போன வீடு.

பிறகு நான் செய்தது புத்தகத்தில் இல்லாத சந்தை ஆய்வு. வியாழக்கிழமை காலை ப்ரீபெய்டு கார்டுகளைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் திருப்பிக் கூப்பிட்டேன்.

"கோன் பாய்?" என்று இந்தியில் எடுத்தார் ஒருவர். சோனாப்பூரில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்புக்குப் பொறுப்பாளர். பின்னால் பஸ் இரைந்தது. நான் தமிழில் பேசியதும் குரல் இளகியது. "சார்! எத்தனை தரம் அடிச்சேன் தெரியுமா? நாலு! யல்லா யல்லா, சீக்கிரம் கூப்பிடுங்கன்னு நின்னேன். என் பையனுக்கு காமர்ஸ் எழுதிக்குங்க. ஆனா வீட்ல சொல்லிராதீங்க. அவங்கம்மா டாக்டர்னு உசுரா இருக்கா."

"சரிங்க."

அன்றைக்கே பிற்பகலில் இன்னொரு நம்பர். ஒரு பெண் குரல். "சார், பையனுக்கு காமர்ஸ் போட்டுடுங்க. அவங்கப்பா கேம்ப்ல இருக்காரு, அவருக்கு இப்ப தெரிய வேண்டாம். டாக்டருக்குப் படிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

பள்ளியில் வாங்கிய நம்பர் பட்டியலைப் பார்த்தேன். அதே வீடு. அவரிடமும் சரிங்க என்றேன். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டை ஒரு முறை மட்டுமே எண்ணினேன்.

ஒரே ஒரு மிஸ்டு கால் அடித்தவர்களையும் விடாமல் கூப்பிட்டேன். ஒருவர் சீட்டை ஒழுங்காகப் படித்திருந்தார். ஆனால் அவர் பிள்ளை இரண்டாம் வகுப்பு. இன்னொருவர் டாக்ஸிக்கு அடித்தேன் என்றார். மற்றவர்கள் சயின்ஸ்தான் வேண்டும், அதைச் சொல்லத்தான் அடித்தோம், அப்புறம் மறந்துபோச்சு என்றார்கள்.

31ஆம் தேதி, திங்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு முதல்வர் அறைக்குப் போனேன். நானே கதவைச் சாத்தினேன்.

"என்னவே இது? எல்லாரும் வேண்டாம்னு சொல்லிட்டாவன்னுல்லா ஸ்டாஃப் ரூம்ல பேச்சு."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை.

"நானும் அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன்வே. நீரு எப்படி நடத்துதீருன்னு பாக்க. எடுக்கவே இல்ல. திரும்ப அடிச்சேன்."

"அப்போ நீங்களும் ரெண்டு."

"நானும் ரெண்டு" என்று சொல்லிவிட்டு, பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கதவைத் தொறந்து வையும்" என்றார். பேச்சு முடிந்தது.

ஏப்ரலில் பதினொன்றாம் வகுப்பு காமர்ஸ் தொடங்கியது. சோனாப்பூர்ப் பையன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சேர்க்கை நாளில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தனித்தனியே என்னிடம் யோசனை கேட்டார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது படிவத்தில் கையெழுத்து இருந்தது. என் விசா மே மாதம் புதுப்பிக்கப்பட்டது. டைரியில் அந்த நாளுக்கு "மேகம் இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

வெற்றியை வகுப்பில் நன்றாகவே கொண்டாடினோம். வாடிக்கையாளரின் பழக்கத்தை அறிதல் என்று முன்பெஞ்சுப் பெண் ஆண்டுத்தேர்வில் ஒரு பக்கம் எழுதினாள். அம்மாவை உதாரணம் காட்டியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்காமல் விட முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, ஜித்தாவில் ஷரஃபியாப் பக்கம் வேலை கிடைத்துக் கிளம்பிய எங்கள் அலுவலகக் கிளார்க், பிரிவு விருந்தில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "சார், உங்க மிஸ்டு காலெல்லாம் சும்மா. அந்த வருசம் கெமிஸ்ட்ரி லேப்ல பெஞ்சு பத்தாதுன்னு காமர்ஸை வச்சுக்கறதா ஜனவரி முதல் வாரமே மேனேஜ்மென்ட் முடிவு பண்ணிட்டாங்க." அப்படியானால் 11ஆம் தேதி என்னைக் கூப்பிட்டபோது முதல்வருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அல்லது அவருக்கே யாரும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அவர் ஊர் திரும்பிய பிறகு இரண்டு முறை கேட்டு எழுதினேன். அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கிளார்க் சொன்னது சரிதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.