கல்லீரலா, தோலா

மூத்த மருமகளைப் பெரியவள் என்றும் இளைய மருமகளைச் சின்னவள் என்றும் கூப்பிட ஆரம்பித்தது அவர்கள் மாமியார்தான். போகப் போகத் தெருவே அப்படிக் கூப்பிட்டது. நான் சொல்ல வந்தது பெரியவளைப் பற்றி. ஆனால் சின்னவளை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

பெரியவள் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடமாக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். ஆசிரியர் உரிமம் கிடையாது. அவள் சேர்ந்தபோது யாரும் அதைக் கேட்கவில்லை. பட்டம் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு உத்தரவு வந்தது. உரிமத்துக்கான பாட அறிவுத் தேர்வில் தேறாதவர்கள் அடுத்த கல்வியாண்டிலிருந்து வகுப்பெடுக்கக் கூடாது. தலைமையாசிரியை அவளைத் தனியாக அழைத்து, "உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல. ஆனா மேலேர்ந்து வர்றதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார்.

சின்னவளும் அறிவியல்தான் படித்திருந்தாள். ஆனால் துணிக்கடையில் பில் போடும் வேலைதான் கிடைத்திருந்தது. காலையிலிருந்து கடை மூடும்வரை நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காலை எடுக்கவே மனசு வராது.

இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள், சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். பெரியவள் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வரி விடாமல் படித்தாள். சின்னவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. பழைய வினாத்தாள்களைத் தேடிப் பிடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேள்வி எடுக்கிறவங்களுக்குன்னு ஒரு புத்தி இருக்கு. அதைப் புடிச்சிட்டாப் போதும்."

"பாடம் தெரிஞ்சா எந்தப் புத்திக்கும் பதில் வரும்."

"பதில் வரும். நேரம் வராது."

இருவரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

தேர்வு முடிந்து சில வாரங்கள் கழித்து, தேர்வு வாரியம் தற்காலிக விடைக் குறிப்பையும் அவரவர் மதிப்பெண்ணையும் வெளியிட்டது. நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. சின்னவளுக்குச் சரியாகத் தொண்ணூறு. பெரியவளுக்கு எண்பத்தொன்பது.

சின்னவள் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பெரியவள் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். அதில் பொய் இல்லை. மறுநாளே சின்னவள் கடையில் வேலையை விட்டுவிட்டு வந்தாள். உரிமம் கைக்கு வந்ததும் வாருங்கள் என்று பக்கத்துப் பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவள் தான் தவறவிட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் நின்றுவிட்டாள். மனித உடலின் மிகப்பெரிய உறுப்பு எது? அவள் தோல் என்று போட்டிருந்தாள். விடைக் குறிப்பில் கல்லீரல் என்றிருந்தது.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். தோல் என்றுதான் அச்சாகியிருந்தது. உடலுக்குள் இருக்கும் உறுப்புகளில் பெரியது எது என்று கேட்டிருந்தால் கல்லீரல் சரி. கேள்வி அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று வாரியம் அறிவித்திருந்தது.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு நிமிடம்தான். சின்னவள் என்ன போட்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பணிமனையிலிருந்து வந்த கணவனிடம் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டே, "சத்தமில்லாமப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது" என்றான்.

மாமியார் காதிலும் அது விழுந்தது. "வீட்டுல ஒருத்திக்காவது வந்திருக்கேன்னு இருக்கக் கூடாதா? நீ அடுத்த வருஷம் எழுதினா ஆகாதா?"

"அடுத்த வருஷம் எனக்கு வகுப்பே இருக்காது அத்தை."

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் அவளுக்கு வேண்டியவர்கள்.

மறுநாள் மாடியில் சின்னவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பெரியவள் மேலே போனாள்.

"அந்தப் பெரிய உறுப்பு கேள்விக்கு நீ என்ன போட்ட?"

சின்னவள் கையிலிருந்த சட்டையை உதறினாள். "கல்லீரல்."

"அது தப்பு."

"தப்புன்னு எனக்கும் தெரியும் அக்கா. முதல்ல தோல்னுதான் வெச்சேன். இவங்க மனசுல கல்லீரல்தான் இருக்கும்னு தோணிச்சு, மாத்திட்டேன். அதேதான் குறிப்புலயும் வந்திருக்கு."

பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் போட்டிருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஆட்சேபம் போடப்போறேன்."

"போட்டா உங்களுக்கு ஒண்ணு ஏறும். எனக்கு ஒண்ணு எறங்கும்."

"தெரியும்."

"கடை வேலைய விட்டுட்டேன். அதுவும் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க? போட்டுட்டுப் போக வேண்டியதுதானே."

"உனக்குத் தெரியாமச் செஞ்சா நாளைக்கு உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"சொல்லிட்டுச் செஞ்சா மட்டும் முழிச்சிடுவீங்களா?"

சின்னவள் மிச்சத் துணியைக் காயப்போடாமல் வாளியோடு கீழே இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை வரை பெரியவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அல்லாடினாள். வகுப்பில் பாடம் பாதியில் நின்றுபோனது. தப்பான விடை நிற்கக் கூடாது, அதற்காகத்தான் போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. அந்தக் கேள்வியால் தனக்கு ஒன்றும் ஆகாது என்றிருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். வேலைக்காகத்தான். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் தெளிவு வந்தது. பள்ளி விட்டதும் எதிரிலிருந்த கணினி மையத்துக்குப் போய், புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தாள்.

"அனுப்பிடவா டீச்சர்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நகருங்க, நானே அழுத்துறேன்."

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சின்னவள் தனக்கும் கணவனுக்கும் தனியாகச் சமைத்தாள். அண்ணி அண்ணி என்று வாய் ஓயாமல் கூப்பிடும் கொழுந்தன், பெரியவள் வந்தால் எழுந்து வெளியே போனான். மாமியார் இரண்டு அடுப்புக்கும் நடுவே யாரிடமும் முகம் கொடுக்காமல் நடமாடினாள். கைப்பேசி மணி அடித்தாலே எல்லோருக்கும் திக்கென்றது.

இறுதி விடைக் குறிப்பு ஒரு மத்தியானம் வந்தது. அந்தக் கேள்விக்கு இன்னும் எத்தனையோ பேர் ஆட்சேபம் அனுப்பியிருந்தார்கள். தோல் என்று மாற்றிவிட்டார்கள். பெரியவளுக்குத் தொண்ணூறு. சின்னவளுக்கு எண்பத்தொன்பது.

பெரியவள் போடாவிட்டாலும் அது மாறித்தான் இருக்கும். அவளுக்கு அதை நினைத்து ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போடாமலே இருந்திருக்கலாமே.

சின்னவள் அறையிலிருந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனாள். அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். அடுத்த மாதமே இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு கணவனோடு போய்விட்டாள்.

பள்ளியில் பெரியவளுக்குக் கைதட்டினார்கள். உரிமத்தை அவள் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். மறுபடி எழுதச் சொல்லித்தரட்டுமா என்று மாமியார் மூலம் சின்னவளிடம் கேட்டனுப்பியதற்கு வேண்டாம் என்ற ஒற்றை வார்த்தைதான் திரும்பி வந்தது.

அடுத்த தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னவள் மாமியாரைப் பார்க்க வந்தாள். மாமியார் குளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்பதா உள்ளே வருவதா என்று தயங்கிவிட்டு, பையிலிருந்து உயிரியல் புத்தகத்தை எடுத்தாள்.

"சிறுநீரகம் பாடத்துல இந்தப் படம் புரியல. ஒரே குழாய்தானே இறங்கி ஏறுது. ரெண்டு பக்கமும் ஏன் ஒரே வேலையச் செய்யல?"

பெரியவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இறங்குற பக்கம் தண்ணிய மட்டும்தான் வெளிய விடும். ஏறுற பக்கம் உப்ப விடும், தண்ணிய விடாது. சுவரே வேற மாதிரி." வரைந்து காட்டினாள். சின்னவள் பென்சிலை வாங்கித் தானும் வரைந்தாள். மாமியார் குளித்துவிட்டு வந்தவள், இருவரையும் பார்த்ததும் ஓசைப்படாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த முறை சின்னவள் நூற்றுப் பதினேழு எடுத்தாள். அவளே வந்து சொன்னாள். வேலையும் கிடைத்துவிட்டிருந்தது. பெரியவள் டீ போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்த பிறகு சின்னவள் சொன்னாள்:

"உங்க இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன் அக்கா. சத்தமில்லாமப் போட்டிருப்பேன்."

"அப்படிச் செஞ்சிருந்தா தேவலைன்னு சொல்றியா?"

சின்னவள் யோசித்தாள். "தெரியல. இன்னும் கொஞ்ச நாள் உங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருப்பேன்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும் என்று சின்னவள் எழுந்தாள். பெரியவள் தெருமுனை வரை கூடவே நடந்து போய், அவள் அடுத்த தெருவில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.