ஆரஞ்சு மேலாடை போடாத காலை

கேனன் இரண்டாம் வகுப்புப் படித்த காலம். பள்ளிக்குப் போகும் வழியில் மைதானத்தைத் தாண்டும்போது ரயில்பாதைப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. பிள்ளைகள் எல்லாரும் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். எழுந்தபோது கேனனின் கால்சட்டை நனைந்திருந்தது. கூட வந்த அவன் அம்மா ஃபெலிசிட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் டொரோத்தியா ஆண்ட்டி தடுக்கி விழுபவள்போல வந்து, பிளாஸ்கிலிருந்த ஆறிப்போன தேநீரைத் தன் பாவாடையிலும் அவன் கால்சட்டையிலும் கொட்டிக்கொண்டாள்.

"ஐயய்யோ, பாத்தீங்களா என் ஓட்டைக் கைய! பையனையும் சேத்து நனைச்சுட்டேனே!"

பிள்ளைகள் ஆண்ட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். கேனனும் சிரித்தான். உண்மை தெரிந்தவள் ஃபெலிசிட்டி ஒருத்திதான். அதைப் பற்றி ஆண்ட்டி பிறகு வாயே திறந்ததில்லை.

டொரோத்தியா அப்பொலிஸ் கேப் டவுன் நகரத்துத் துணி ஆலையில் பொத்தான் தைத்தவள். ஆலை மூடியபின், எங்கள் மணல்வெளிக் குடியிருப்பின் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகத் தொடங்கினாள். சில அம்மாக்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எல்லாரும் ஆரஞ்சு நிற மேலாடை போட்டிருப்பார்கள். அந்த நிறத்தைக் கண்டால் அங்கே துப்பாக்கியோடு திரியும் எந்தக் கும்பலும் சுடுவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை அது. கடவுள் காத்துவந்த ஒரு வழக்கம்.

மாலையில் தேவாலயக் கூடத்தில் பாடம் நடக்கும். எல்லாரும் வட்டமாகத்தான் உட்கார வேண்டும். கும்பல்காரன் மார்லனின் தங்கை ஆஷ்லின் வந்து சேர்ந்தபோது அம்மாக்கள் முணுமுணுத்தார்கள்.

"அண்ணன் பண்றதுக்கு அவ ஏன் கணக்குல தோக்கணும்?" என்று ஆண்ட்டி அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

கேனன் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டிய வருடம். மார்லனோடு திரியும் ரயில்பாதைப் பையன்கள் அவன் புத்தகப் பையில் ஒரு துப்பாக்கியை மறைத்துவைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டான். இனி மைதானத்தில் கால் வைத்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளியோ மைதானத்துக்கு அந்தப் பக்கம்.

ஃபெலிசிட்டிக்குச் சோறு இறங்கவில்லை. முதல் தேர்வு நாளில், யாருக்கும் தெரியாமல் கூடத்து அலமாரியிலிருந்து ஒரு மேலாடையை எடுத்து மகனுக்கு மாட்டிவிட்டாள். கேனன் தொப்பியை இறக்கிவிட்டு, அம்மாக்களின் நடுவே தலைகுனிந்து நடந்துவிட்டான். அன்று அவள் முழங்காலில் நின்று நன்றி சொன்னாள்.

மறுநாளே மார்லனிடமிருந்து சேதி வந்தது. 'சட்டைக்குள்ள ஆள ஒளிச்சு வச்சா, இனிமே அந்தச் சட்டைக்கு மரியாதை கிடையாது.'

கூடம் கொந்தளித்தது. "உன் ஒரு பிள்ளைக்காக எங்க பிள்ளைங்க எல்லாத்தையும் சாகக் குடுக்கப் பாத்தியா?" என்று ஓர் அம்மா ஃபெலிசிட்டியின் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"கத்தி முடிச்சாச்சா? நடக்கப்போறவங்க பேசட்டும்," என்றாள் ஆண்ட்டி. பெரியவர்களைச் சுவரோரமாக உட்காரச் சொன்னாள். தேர்வு எழுதும் பிள்ளைகள் மட்டும் வட்டத்தில் இருந்தார்கள்.

"நான் வீட்லயே இருந்துக்கிறேன்," என்றான் கேனன்.

"ஆமா, இருந்துட்டு அடுத்த வருசம் என் தம்பியோட உக்காந்து எழுது," என்றாள் ஆஷ்லின். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அவன் சொந்தச் சட்டையில வரட்டும். நாம எல்லாரும் அவன்கூட நடப்போம். நான் அவன் பக்கத்துல வர்றேன்."

ஆண்ட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "பயமாருக்குன்னு சொல்றவங்க வேற வழியில போகலாம். ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

"எல்லாருக்கும்தான் பயமாருக்கு, ஆண்ட்டி," என்றான் ஒருவன். எழுந்து போனவர் யாரும் இல்லை.

அடுத்த தேர்வு அன்று காலையில் அம்மாக்கள் மேலாடையை எடுக்கப் போனபோது ஆண்ட்டி அலமாரியை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு யாரும் போட வேண்டாம். இந்தச் சட்டை பொய் சொல்லிடுச்சு. நாமளும் சும்மாவே நடப்போம்."

ஃபெலிசிட்டிக்கு அந்த நிறம் இல்லாமல் வெளியே வருவது துணியே இல்லாமல் வருவதுபோல இருந்தது. தென்கிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மகனின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். முடி வெட்டிய இடத்தில் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. ஆண்டவரே, கண்ணை மூடிவிடாதீர் என்பதைத் தவிர வேறு ஜெபம் அவளுக்கு வரவில்லை.

தண்டவாள மூலையில் ஒரு சீழ்க்கை கேட்டது. அடுத்த மூலையிலிருந்து இன்னொன்று. சுவர் மறைவிலிருந்து மார்லன் வந்தான். ஒரு கை சட்டைக்குள் இருந்தது.

"ஆண்ட்டி, சட்டை எங்க?"

"அழுக்காயிடுச்சுப்பா. துவைக்கப் போட்டிருக்கேன்."

அவன் கண் கேனனிடம் போய் நின்றது. ஆஷ்லின் கேனனைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தாள். அண்ணனை நேராகப் பார்த்தாள். கேனனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மார்லனின் கை வெளியே வருமா, எதோடு வரும் என்று ஃபெலிசிட்டி பார்த்தபடியே நின்றாள்.

அவன் மண்ணில் காறித் துப்பினான்.

"பரீட்சைக்கு நேரமாகுதுல்ல, வழியில என்ன வேடிக்கை," என்று தங்கையிடம் உறுமிவிட்டு, ரயில்பாதைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பள்ளி வாசலுக்குள் பிள்ளைகள் போனதும் ஃபெலிசிட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஆண்ட்டி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆண்ட்டியும் வேலியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மீதித் தேர்வுகளுக்கும் அப்படியேதான் போனார்கள், ஒவ்வொரு நாளும் செத்துச் செத்து. தேர்வு முடிந்த பிறகுதான் மேலாடைகள் மறுபடி வெளியே வந்தன.

கேனன் தேறினான். பிறகு அவனே சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சேர்ந்துகொண்டான். ஆரஞ்சு மேலாடை இப்போது அவனுக்கு உரியது. ஆண்ட்டிக்கு முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போனது. அவளைக் கூட்டிப்போக அப்பிங்டன் ஊரிலிருந்து அவள் மகள் வண்டியோடு வந்தாள். ஆண்ட்டி வண்டியில் ஏறும்முன் ஃபெலிசிட்டி அவள் கையைப் பிடித்து, நீங்க இல்லாம நான் எப்படிப் பயப்படாம நடப்பேன் என்று அழுதாள்.

"பயப்படாம நான் எந்த நாள்டி நடந்தேன்?" என்றாள் ஆண்ட்டி. "பயமில்லன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிராத. அதுவும் பொய்யாப் போயிரும். கையப் பிடிச்சுக்கோ. கடைசியா வர்ற பிள்ளையோட வேகத்துக்கு நட."