பல்பர் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

காப்பிப் பழத்தின் சிவந்த தோல் குவியலாகக் கிடந்து புளிக்கத் தொடங்கும்போது எழும் மணம், வெல்லப்பாகும் நனைந்த மண்ணும் கலந்தாற்போன்ற ஒரு மணம், எங்கள் இளமையின் மார்கழி மாதங்களை முழுமையாக நிறைத்திருந்தது. ஏற்காட்டிலிருந்து சில கல் தொலைவில் இருந்த ஓர் எஸ்டேட்டில் என் தந்தையார் கணக்கெழுதும் ரைட்டராகப் பணியாற்றினார். பறித்த பழத்தை அன்றைக்கே 'பல்பரில்' இட்டுத் தோலுரிக்க வேண்டும், இல்லையேல் கொட்டை கெட்டு மணம் போய்விடும் என்பதால், அந்த மாதங்களில் எங்கள் வீட்டின் பேச்சும் உறக்கமும் அந்த இயந்திரத்தின் ஓட்டத்தையே பின்பற்றின.

ஆயினும் அந்தியில் விளக்கேற்றிப் பதிகம் ஓதிய பிறகுதான் எங்கள் வீட்டில் உலை ஏறும். தந்தையார் சுருதிப்பெட்டியின் துருத்தியை மெல்ல அசைக்க, நான் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவேன். எனக்கு அப்போது பதினொரு வயது. "கால் கழுவிக்கிட்டு வந்து உக்காரு கண்ணு. சாமி பாட்டச் சாமிக்கு முன்னால மட்டுந்தான் பாடோணும். கண்ட எடத்துல பாடுனா அது எச்சில்" என்பார். நாள்தோறும் பாடிப் பாடி, அந்த ஐந்து கட்டை என் தொண்டையிலேயே ஓர் இடம் பிடித்துக்கொண்டது. பெட்டி இல்லாமலும் அதை என்னால் தொட முடிந்தது.

எஸ்டேட் மருந்தகத்துக் கம்பவுண்டரின் மகன் எட்வின் அண்ணன். சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகியவர், பெங்களூருக்குச் சென்று மடக்குக் கால்கள் வைத்த மின்சாரப் பியானோ ஒன்றுடன் திரும்பி வந்தார். சேலத்திலிருந்து கித்தார் வாசிக்கும் இருவர் வந்து சேர்ந்தனர். டிரம் வாசிக்க, வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்திலிருந்து கோவிந்தன் வந்தார். தினையும் பலாவும் விளைவிக்கும் மலைக்குடியில் பிறந்து, சேர்வராயன் கோயில் திருவிழாவில் மேளம் அடித்துத் தேர்ந்த கை அவருடையது. ஜாஸும் ராக்கும் கலந்த அவர்களுடைய இசைக்கு ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்தியில் வைத்த பெயர் 'இங்கிலீசு மேளம்'. "ஏனுங்க, உங்க மேளத்துக்கு எப்பத்தானுங்க தாலி கட்டுவாங்க?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். "பொண்ணு இன்னும் அமையலீங்க, உங்க ஊட்டுல இருந்தாச் சொல்லுங்க" என்று கோவிந்தன் திருப்பிக் கொடுப்பார்.

ஒருநாள் குழாயடியில் எட்வின் அண்ணன் என்னை நிறுத்தினார். "சாயங்காலம் பாடுறியே, அத இன்னொருக்காப் பாடு கண்ணு." நான் மறுத்திருக்க வேண்டும். என் குரலை ஒருவர் கேட்டு வாங்கியது அதுவே முதல் முறை, பாடினேன். அதோடும் நில்லாமல், தந்தையார் களத்துக்குச் சென்றிருந்த வேளையில், பூசை அலமாரியிலிருந்த சுருதிப்பெட்டியை என் பாவாடைத் துணி ஒன்றில் மறைத்து எடுத்துச் சென்று, பியானோவில் என் சுருதி எந்தக் கட்டை என்று அவர் தேடிக் கண்டுபிடிக்க உதவினேன். அந்தப் பண்ணின் மேல் ஓர் இசைக்கோவையை அவர் எழுப்பினார். என் பதிகத்தின் நடை அதில் ஆற்றுக்கு அடியில் மணல் போலக் கிடந்தது. தந்தையார் வருமுன் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்தக் கள்ளத்தனமே பின்னால் என் வாயைக் கட்டியது.

ஒலிப்பதிவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது காப்பி மூட்டைகள் அடுக்கிய ஸ்டோர். சாக்குகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று எட்வின் அண்ணன் சொன்னார். பெரிய சுருள்நாடா இயந்திரம் ஒன்றை ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தார்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அது கீழே போயாக வேண்டும். பெங்களூரில் இசைத்தட்டு வெளியிடும் ஒருவர் மூன்று உருப்படிகள் கேட்டிருந்தார். எஸ்டேட்டுக்கு அப்போது ஊர் மின்சாரம் வரவில்லை. டீசல் எஞ்சின் ஒன்றுதான் விளக்குக்கும் பல்பருக்கும். ஞாயிறு பறிப்பு இல்லையாதலால், அன்று எஞ்சின் இசைக்கு மட்டுமே ஓடும் என்பது ஏற்பாடு.

ஆனால் சனிக்கிழமை மாலை பெய்த மழையில் பழம் தாமதமாக வந்து, தோலுரியாமல் குவிந்து கிடந்தது. முற்பகலில் இரண்டு உருப்படிகள் முடிந்த நிலையில் தந்தையார் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"ஏப்பா எட்வினு, பழம் புளிக்குது. இதுக்கு மேல நிக்காது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதானுங்க ரைட்டரே."

"உன்ற பாட்டு நாளைக்கும் பாட்டுத்தான். பழம் நாளைக்குக் குப்பை."

நாளைக்கு நாடா இயந்திரம் இராது என்பதை அவர் அறியார். அறிந்திருந்தாலும் பழத்தையே தேர்ந்திருப்பார், அது அவர் கடமை. கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவது என்று முடிவாயிற்று. பல்பர் சற்றுத் தள்ளி இருந்ததால் அதன் சத்தம் மூட்டைகளைத் தாண்டி உள்ளே வரவில்லை. விளக்கு மட்டும் சற்று மங்கி, அப்படியே எரிந்தது. மூன்றாம் உருப்படியை, என் பண்ணில் எழுந்த அதை, ஒரே மூச்சில் வாசித்தார்கள். உடனே அங்கேயே ஓட்டிக் கேட்டார்கள். அத்தனை நேர்த்தி! கோவிந்தன் தன் குச்சிகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, ஒண்டிக்கடையில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில், ஊர் மின்சாரத்தில் ஓடிய வேறோர் இயந்திரத்தில் நால்வரும் அதை மறுபடி கேட்டார்கள். தந்தையார் பக்கத்துக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருக்க, நான் படியில் நின்றிருந்தேன். முதல் இரண்டும் அன்று கேட்டபடியே ஒலித்தன. மூன்றாவது, துரத்தப்பட்டது போல ஓடியது.

"என்ன கோவிந்தா, இப்படி ஓட்டியிருக்கே!" என்றார் எட்வின் அண்ணன். முகம் வெளுத்திருந்தது.

"நான் ஓட்டலீங்க."

"மொத ரெண்டும் செரியாத்தானே இருக்குது? மிசினாத் தப்புப் பண்ணும்?"

கித்தார்காரர்களில் ஒருவர் சிரித்தார். "சப்பரத்துக்கு முன்னால ஓடிப் பழகுன கையி. நிறுத்தினா நிக்குமா?"

கோவிந்தன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்தார், மறுபடி செருகினார், வெள்ளக்கடைப் பாதையில் இறங்கி நடந்தார்.

நான் அறிந்திருந்தேன். அந்த நாடாவோடு உதட்டுக்குள் பாட முயன்றபோது என் ஐந்து கட்டை அதற்கு எட்டவில்லை. அது அரைக்கட்டை மேலே இருந்தது. கை ஓடினால் தாளம் விரையும், சுருதி ஏறாது. அத்தனை பேரும் தாளத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே பியானோ இல்லை. "அண்ணா, சுருதி ஏறியிருக்குது" என்ற மூன்று சொற்கள் போதும். ஆனால் அடுத்து, 'உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வி வரும். பண் வரும், பூசையறைப் பெட்டி வரும். தந்தையார் பக்கத்துக் கடையிலேயே நின்றார். வாய் திறவாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று அந்தியில் பதிகம் பாடியபோது, "இன்னைக்கு நொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார். அந்தப் பாராட்டைப் போல என்னைச் சுட்டது வேறொன்றில்லை.

நாடா பெங்களூருக்குப் போகவில்லை, குழு கலைந்தது. எட்வின் அண்ணன் பியானோவை விற்றுச் சென்னைக்குச் சென்று, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெயர் பெற்ற கலைஞரானார். நான் தமிழாசிரியையாகி, பதிகங்களைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்து, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

சென்ற மாதம் என் தம்பி மகன் கைப்பேசியில் ஓர் இசைத்தொகுப்பை அனுப்பினான். எட்வின் அண்ணனின் தொடக்ககாலக் குழுப் பதிவுகளை, இளைஞர் ஒருவர் பழைய நாடாக்களிலிருந்து மீட்டு வெளியிட்டிருந்தார். மூன்றாவதாக என் பண். அதே ஐந்தரைக் கட்டை. தொகுப்புடன் வந்த குறிப்பில், 'டிரம் கலைஞரின் இளமை வேகத்தால் இதில் தாளம் சற்று ஓடுகிறது' என்று எழுதியிருந்தது. வாய்ப்பழியாக இருந்தது இப்போது எழுத்தாகிவிட்டது. இனி நான் போன பின்பும் அது நிற்கும்.

எட்வின் அண்ணனின் எண்ணைத் தேடிப் பெற்றுச் சொன்னேன். சுருதிப்பெட்டியையும், படியில் நின்றதையும், பேசாமல் போனதையும் ஒளிக்காமல் சொன்னேன். "அந்த நாடாவ நான் திரும்பக் கேக்கவே இல்ல கண்ணு. கேட்ட தம்பிகிட்டக் குடுத்தேன், அவரே எடுத்துப் போட்டுட்டாரு" என்றார். பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், "பல்பரு…" என்றார். பல்பரின் பாரத்தில் எஞ்சின் தளர்ந்து, நாடா மெதுவாகச் சுழன்று பதிந்திருக்கிறது. அங்கேயே அதே தளர்ச்சியில் கேட்டபோது பிழை தெரியவில்லை. ஊர் மின்சாரத்தில் சரியான வேகத்தில் சுழன்றபோது பாட்டு ஓடியது, சுருதியும் ஏறியது. வெளியிட்ட இளைஞர் கணினியில் அதன் வேகத்தைக் குறைத்து அரைக்கட்டை இறக்கச் சில நிமிடங்களே ஆயின.

போன வாரம் நாங்கள் இருவரும் வெள்ளக்கடைக்குப் போனோம். வழியில், பல்பர் இருந்த இடத்தில் நீலக் கண்ணாடி பதித்த விடுதிகள். ஸ்டோர் இருந்த இடம் வண்டி நிறுத்துமிடம். பழத்தோல் புளிக்கும் மணம் எங்குமில்லை. கோவிந்தன் மிளகுக் கொடிகளுக்கு நடுவிலிருந்து வந்தார். மலையடிவாரக் குப்பனூரில் பிறந்து, பின்னாளில் இங்கே வாழ வந்த அவர் மனைவி பாய் விரித்தார்.

நான் முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். "பதினோரு வயசுப் புள்ள சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்பமுங்களா?" என்றார் அவர். கேட்டிருக்க மாட்டார்கள் என்பது மெய்யாயிருக்கலாம். நான் சொல்லவில்லை என்பதை அது மாற்றாது.

"உனக்கு அப்பவே தெரியுமா கோவிந்தா?" என்று எட்வின் அண்ணன் கேட்டார்.

"என்ற கையி ஓடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்களா? சொன்னேன். அதுக்கு மேல எப்படீங்க சொல்றது?"

திருத்திய பதிவைக் கைப்பேசியில் ஓட விட்டோம். கண்களை மூடிக் கேட்டவர், நடுவில் ஓரிடத்தில் விரலை உயர்த்தினார். "இங்க ஓடுறது ஆருங்க? நீங்க தானுங்க. நான் இழுத்துப் புடிச்சிருக்கறன் பாருங்க."

எட்வின் அண்ணன் மறுபடி அந்த இடத்தைக் கேட்டார். "ஆமாய்யா" என்றார். "நான் தான்."

ரேடியோக் கடையில் கேட்ட அந்த ஞாயிற்றுக்குப் பின் கோவிந்தன் கோயில் திருவிழாவிலும் மேளம் தொடவில்லையாம்; அவர் மனைவி அவர் வாசித்து ஒருமுறையும் கேட்டதில்லை. அவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்தவர், அருகில் வந்து அமர்ந்து, கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இத்தன சத்தத்துல எதுங்க நீங்க?"

குறிப்பு திருத்தப்படும் என்று எட்வின் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். கோவிந்தன் அதைக் கேட்கவில்லை. மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்து, ஒவ்வோர் அடியாக அவருக்குக் காட்டத் தொடங்கினார்: "இது… இது… இரு, இப்ப வரும்… இது."